தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது

ஒட்டுசுட்டான்.

அன்பு மகள் ரஜிதாவுக்கு,

நீயும் மருமகனும் பிள்ளையும் அந்தக் குளிருக்குள் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்திலேயே இருப்பார், அவரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கதைக்க முடியாது.

போன ஞாயிறு வீடியோவில் உன் முகத்தைப் பார்த்து "இது ஆர்?" என்று அம்மா கேட்டதும் நீ அழுதுகொண்டு போனை வைத்துவிட்டாய். அம்மா உன்னை மறக்கவில்லை, பிள்ளை. பாரிசவாதம் வந்து விழுந்துபோன கை கால் தேறிவிட்டது, மிச்சம் இதுதான். வவுனியாவில் டாக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். "கண்ணில ஒரு குறையும் இல்லை ஐயா, கண் பாக்கிறதை இன்னதெண்டு சொல்லுற மூளைப் பக்கம்தான் அடிபட்டிருக்கு" என்றார். நிறம் தெரிகிறது, வளைவு தெரிகிறது, எல்லாம் சேர்ந்து ஒரு பொருளாக வருவதில்லை. சீப்பைக் காட்டினால் "நீட்டா ஒண்டு, பல்லுப் பல்லா இருக்கு" என்பார், கையில் கொடுத்தால் உடனே தலை வாரத் தொடங்குவார். என் முகமும் அப்படித்தான், நான் செருமினால்தான் நான் என்று தெரியும். நீ இனி எடுத்தால் முதலில் அம்மா என்று கூப்பிடு, குரல் கேட்டால் உன்னை அறிவார்.

செவ்வாய்க்கிழமை பொழுதுபடும் நேரம் நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன், சமையலும் இப்போது என் தலையில்தான். அம்மா கோழிகளை அடைக்கப் பின்வளவுக்குப் போனவர், "ஆரப்பா இந்த மண்ணைக் கொண்டந்து வழியில குவிச்சது?" என்று ஏசுவது கேட்டது. எட்டிப் பார்த்தால், காட்டுப் பக்கத்து வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து ஒற்றை யானை வாழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிறது. அம்மா கையை நீட்டிக்கொண்டு அதை நோக்கிப் போகிறார். தொட்டால்தானே அவருக்கு எதுவும் தெரியும். கத்தினால் அது மிரண்டுவிடும், ஓடிப் போனாலும் அப்படித்தான். "விமலா, புட்டு ஆறுது, வாருமப்பா" என்று எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். கை நீட்டியபடியே நின்றார். அந்த நேரம் அது காதை ஆட்டியது. அசைந்ததும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "இஞ்சாருங்கோ, ஆனை" என்று மெல்லச் சொல்லிவிட்டு, ஓடாமல், என் குரல் வந்த பக்கமாக நடந்து வந்தார். பக்கத்து வளவு யோகலிங்கம் யானை வெடி கொளுத்திப் போட்ட பிறகுதான் அது வாழைகளை மிதித்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

அம்மா யானைக்காக அழவில்லை. "எதைக் கண்டு பயப்பிடோணும் எண்டும் எனக்குத் தெரியேல்லையே" என்றுதான் அழுதார். அன்றிலிருந்து அவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மத்தியானம் அயர்ந்தால்கூட அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன். களைத்துப்போனேன் மகள், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

நேற்று உன் கலியாணப் படத்தைக் கழற்றித் தரச் சொல்லி மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டேயிருந்தார். ஏன் என்று கேட்டேன். "பிள்ளை இதுக்குள்ள நிக்கிறா எண்டு சொன்னீங்கள், கைக்குக் கண்ணாடிதானே வருது" என்றார்.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள். மருமகனை விசாரித்ததாகச் சொல். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடு. உன் தைரொயிட் குளிசையை விட்டுவிடாதே. வா என்று நான் இதுவரை உன்னைக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். லீவு கிடைத்தால் வா. வேலை ஒன்றும் செய்ய வேண்டாம், அம்மாவுக்கு முன்னால் இருந்து உன் முகத்தை அவர் கையில் கொடு, அது போதும்.

உன் நன்மையையே நினைத்திருக்கும் அப்பா,
முத்துலிங்கம்