வலப்பக்கத்துப் பெட்டி

தென்காசி
17-8-1969

அன்பிற்குரிய பால்வண்ணநாதன் அண்ணாச்சி அவர்களுக்கு, சண்முகசுந்தரி எழுதுவது.

மாமாவுக்கும் அத்தைக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தை இப்போது இரண்டு வேளையாவது சாப்பிடுகிறார்கள். நான் ஜூன் மாதத்திலிருந்து பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்வருகிறேன். இந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது. சாரல் இங்கே வரை வந்து துணி காயவிடாமல் பண்ணுகிறது. நீங்கள் லண்டனில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? குளிர் தொடங்கும் முன் நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு இதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

ரிக்கார்டுப் பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. இது மாதிரித் தட்டுதான், கடைக்குப் போகும் முன் வீட்டார் கேட்டுவிட்டு மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சிநேகிதரின் குழுவில் மற்ற மூவரும் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் சம்மதித்த பிறகும் எங்களைக் கேட்கத் தோன்றியதே, அதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த துல்கர்னைன் பாய் வீட்டில்தான் இரண்டு பெட்டி வைத்த ஸ்டீரியோ மெஷின் இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு உங்கள் சிநேகிதர் லண்டனிலிருந்து வந்திருந்த இரண்டு மாதமும் என்னை அங்கே கூட்டிப்போய்த்தான் தட்டுகளைப் போட்டுக் காட்டினார். மாமா வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இன்ஜினீயருக்குப் படிக்கப் போன மகன் அங்கே கிட்டார் வாசிக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து மாமா அவருக்கு ஒரு வரி எழுதவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் நான் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

அட்டையில் இருந்த பெயர்களைப் பாய் சத்தமாக வாசித்தார். "கிட்டார், அப்பன்னு போட்டிருக்கே?" என்றார். ஆவுடையப்பன் என்ற பெயர் அங்கே யாருக்கும் வாயில் நுழையாததால் அப்படிச் சுருக்கிவிட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். பாயின் சம்சாரம் ராபியா அக்கா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து அவரை அப்பா என்று கூப்பிட வாய்க்கவில்லை அல்லவா.

தட்டைக் கேட்டோம். அண்ணாச்சி, நான் சங்கீதம் படித்தவள் இல்லை. ஆனாலும் ஒலிப்பதிவில் நீங்கள் செய்திருக்கிற வேலை புரிந்தது. மூன்றாவது பாட்டில் பாடுகிறவரின் குரலையே இரண்டு தடவை பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறீர்கள். ஒரு ஆளே தனக்குத் துணை நிற்கிற மாதிரி இருக்கிறது. அது முடியுமுன் அடுத்த பாட்டின் டிரம்ஸ், தகரக் கூரையில் மழை பிடிக்கிற மாதிரி, தூரத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்கிறது. எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றது தொடங்கியது என்று தெரியவில்லை. பாய் ஊசியைத் தூக்கி அந்த இடத்தை மட்டும் மறுபடியும் போட்டார்.

அவருடைய கிட்டாரைத் தனியாக வலப்பக்கத்துப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். மற்றதெல்லாம் இடப்பக்கம். அவருடையதுதான் எல்லாவற்றையும்விட ஓங்கிக் கேட்கிறது. மாமாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, "இதுலயா இருக்கான்?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நாற்காலியை இழுத்து அந்தப் பெட்டியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, கடைசிவரை சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு மனசே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

அவர் இங்கே இருந்தபோது இரண்டு பேரும் ஐந்தருவிக்கு ஒரு நாள் போயிருந்தோம். குளித்துவிட்டுத் தள்ளி வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, காலைப் பாறையில் அழுத்தி வைக்கச் சொன்னார். அடியில் ஒரு அதிர்வு இருந்தது. "தண்ணி விழுத சத்தத்தைத்தான் எல்லாரும் கேப்பாக. நான் வாசிக்கது இதுக்குள்ள இருக்கது. இது காதுக்குக் கேக்கப்படாது. ஆனா இல்லாமப் போச்சுன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரணும்" என்றார். தடித்த நாலு கம்பி கிட்டாரை ஏன் எடுத்தீர்கள், சின்னக் கம்பி வாசிக்கிறவரைத்தானே எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது.

அதனால் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள் அண்ணாச்சி. மற்றவர்களுக்கு அடியில், நடுவில் வையுங்கள். நீங்கள் ஏன் கூட்டினீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நானாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதை மட்டும் வைத்திருப்பேன். ஆனால் இது அவர் வாசித்த மாதிரி இல்லை. அவரை நாம் இழந்த மாதிரி இருக்கிறது.

கடைசியாகப் பதிந்த அந்த மெதுவான பாட்டை அவர் நினைவாக முதலில் வைத்ததாக எழுதியிருந்தீர்கள். முதல் பாட்டிலேயே ஆளை அழவைத்தால் மற்றதை யார் கேட்பார்கள்? மெதுவான பாட்டு ஒன்று இருந்தால் முதல் பக்கத்துக் கடைசியில் வைக்க வேண்டும் என்பார். தட்டைத் திருப்ப யாராவது எழுந்திருக்கிறவரை அறை சும்மா இருக்கும், அந்த அமைதியும் பாட்டோடு சேர்ந்தது என்பார். அப்படியே செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. அந்தப் பாட்டு தொடங்கும் முன் அவருடைய பேச்சு வருகிறது. "ஏலே பால்வண்ணம், இது சரியா வரலலே. இன்னொருக்க எடுப்போம்." நாடாவிலிருந்து வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. ராபியா அக்கா உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். ஸ்டூடியோவைப் பற்றி, நாடாவைப் பற்றி, எதிரொலியைப் பற்றி எல்லாம் இருந்தது. அந்த நாளைப் பற்றி ஒன்றும் இல்லை. காய்ச்சலோடு வந்தவரை நான்தான் இருத்திவைத்து வாசிக்க வைத்தேன், பனியில் திரும்பிப் போய்த்தான் நிமோனியா வந்தது என்று நீங்கள் யாரிடமோ சொல்லி, அது சுற்றிச் சுற்றி எங்கள் காதுக்கும் வந்தது. இந்தப் பாட்டைக் கலக்கும்போது அந்தப் பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! மற்ற எல்லா ஒலியையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு இது மட்டும் காதில் விழவில்லையா? இன்னொருக்க எடுப்போம் என்று சொல்வது யார்?

அந்தப் பேச்சைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அது வேண்டாம். அதை நாம் கேட்டது போதும்.

இப்படிக்கு,
சண்முகசுந்தரி


தென்காசி
21-12-1969

அன்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

புதுத் தட்டு வந்தது. கூடக் கடிதம் ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. அத்தைக்கு மூட்டுவலி கொஞ்சம் அதிகம்.

நான் சொன்னபடியே எல்லாம் செய்திருக்கிறீர்கள். சத்தமான பாட்டு முதலில் வந்ததும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வாத்தியமும் இப்போது அதனதன் இடத்தில் இருக்கிறது. அவர் கேட்டிருந்தால் உங்கள் முதுகில் ஒரு அடி வைத்துச் சிரித்திருப்பார்.

ஆனால் மாமாவைப் பற்றி நான் யோசிக்கவில்லை, அண்ணாச்சி. போனதும் நாற்காலியை வலப்பக்கத்துப் பெட்டியை ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். பாட்டுத் தொடங்கியது. காதைப் பெட்டியோடு வைத்துப் பார்த்தார்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்கனம்மா போனான்? சத்தத்தையே காணும்" என்றார்கள்.

"போகல மாமா. நடுவுல இருக்காக" என்றேன்.

மாமா இரண்டு பெட்டிக்கும் நடுவே பார்த்தார்கள். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. "அங்கன பெட்டி இல்லையே" என்றார்கள்.

பாய்தான் எழுந்து வந்து, இரண்டு பெட்டிச் சத்தமும் சேருகிற நடுவில் மாமாவின் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த மெதுவான பாட்டு வந்து, முடிந்து, ஊசிக்கு அடியில் தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. திருப்பிப் போட யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் மாமா அழுதார்கள். தந்தி வந்த அன்றுகூட அழாத மனிதர். "ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். ஒரே ஒரு கடுதாசி" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். ராபியா அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெகுநேரம் கழித்து, மாமாவே இரண்டாம் பக்கத்தைப் போடச் சொன்னார்கள்.

பழைய தட்டைப் பாய் பத்திரமாக வைத்திருக்கிறார். மாமா இப்போதெல்லாம் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போகிறார்கள். எந்தத் தட்டைப் போடச் சொல்கிறார்கள் என்று நான் பாயிடம் கேட்கவில்லை.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றுக்காகத்தான் இப்போது எழுதுகிறேன். போன வாரம் உங்கள் அம்மா வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி எங்களைத் தேடி வந்தார்கள். துக்கம் விசாரித்தார்கள். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "எம் மவன் உனக்கு ஏதும் எழுதுதானா தாயி? மாசிக்குப் பொறவு எனக்கு ஒரு கடுதாசியும் தாக்கலும் இல்ல" என்று கேட்டார்கள். மகனைப் பறிகொடுத்த வீட்டில் வந்து தன் மகனைப் பற்றிக் கேட்கிறோமே என்று அவர்களுக்கு அத்தனை கூச்சம். அத்தைதான் அவர்கள் கையைப் பிடித்து உட்காரவைத்து, சோறு போட்டு அனுப்பினார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்க்கவில்லை.

அண்ணாச்சி, எங்கள் வீட்டில் உங்கள்மேல் யாருக்கும் ஒன்றும் இல்லை. மகன் ஸ்தானத்தில் நின்று அங்கே எல்லாக் காரியத்தையும் செய்தவர் நீங்கள். அடுத்த சீசனுக்கு வாருங்கள் என்று மாமா எழுதச் சொன்னார்கள். வரமுடியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் அம்மாவுக்கு எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நான் இருக்கிறேன் அம்மா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சண்முகசுந்தரி ஆவுடையப்பன்