இலையைத் திருப்பிக் காட்டு

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலம்தானே? போனில் சொன்னால் நாம் இருவருமே கத்துவோம், அதனால் எழுதுகிறேன்.

நம் 'மண்சட்டி'யை இந்த மாதக் கடைசியில் மூடிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நாம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தபோது ஆரம்பித்த இணைய மன்றம், எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தோட்டத்தைப் பற்றிப் பேச இப்போது யார் அங்கே வருகிறார்கள்? அதே ஏழெட்டுப் பேர். மிச்சமெல்லாம் விளம்பரக் குப்பை. ஆபீஸ் முடிந்து வந்து அதைக் கூட்டிப் பெருக்குவதே என் வேலையாகிவிட்டது. சும்மா ஈ ஓட்டுகிறோம், அண்ணி.

நான் சமூக வலைதளத்தில் தொடங்கிய குழுவில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்களும் அங்கே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
சுண்டு

ஜூன் 9

மரியாதைக்குரிய நாத்தனாருக்கு,

முடிவு செய்துவிட்டுச் செய்தி சொல்கிறாய். நன்றாயிருக்கிறது.

உன் குழுவைப் பார்த்தேன். எல்லாரும் பூவைக் காட்டுகிறார்கள், எல்லாரும் கை தட்டுகிறார்கள். ஒருத்தி அவரைச் செடி வாடுகிறது என்று காலையில் அழுதாள். மாலைக்குள் அவள் கேள்வியை ரோஜாப் படங்கள் மூடிவிட்டன. வேறு யாருக்காவது அதே அவரை வாடினால் எங்கே போய்த் தேடுவாள்?

மண்சட்டியில் அப்படியா? பஸ் ஓட்டுநர் தன் எலுமிச்சையைப் பற்றி எழுதத் தொடங்கி எத்தனை வருடம். இன்னும் ஒரு காய் இல்லை. "என்ன டிரைவரே, காய்ச்சுதா?" என்று மாதாமாதம் கேட்கிறோமே, அந்த மனுஷனும் சலிக்காமல் "இல்லீங்க" என்கிறாரே, அதற்குப் பெயர்தான் மன்றம். அவர் பட்ட பாடெல்லாம் வரிசையாக அங்கே கிடக்கிறது. உன் விரல் ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனையும் போய்விடும்.

உனக்கு நினைவிருக்கிறதா, "இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டு, பிறகு கேள்" என்ற விதியை எழுதியவளே நீதான். மேலே பளபளவென்று இருக்கும், வியாதி அடியில் ஒளிந்திருக்கும் என்று எனக்குச் சொன்னவளும் நீதான். இன்று நீயே மேல்பக்கத்தைப் பார்த்து மயங்கிவிட்டாய்.

மன்றத்தின் முழுச் சாவியை, அந்தக் கடவுச்சொல்லை, என்னிடம் கொடு. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் நானே பார்த்துக்கொள்கிறேன். உன் அண்ணன்தான் பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அண்ணி

ஜூன் 15

அண்ணிக்கு,

சாவியைத் தர மாட்டேன். ஏன் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன மாதம் மண்சட்டிக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். 'புதுத்தொட்டி' என்று பெயர் வைத்துக்கொண்டாள். "செம்பருத்தி இலை மஞ்சளாகுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். நீங்கள் "விதியைப் படிச்சியா?" என்றீர்கள். "அடிப்பக்கம்னா எது?" என்றாள். "படிக்கத் தெரியாதவங்களுக்கு இங்க வேலையில்ல" என்று எழுதி, யாரும் பதில் எழுத முடியாதபடி அவள் கேள்வியையே பூட்டிவிட்டீர்கள். ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் புதுத்தொட்டி நான்தான், அண்ணி.

புதிதாக வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை என்று பார்க்கத்தான் அப்படி வந்தேன். பார்த்துவிட்டேன். கூட்டத்தைச் சமூக வலைதளம் மட்டும் இழுத்துக்கொண்டு போகவில்லை. பாதிப் பேரை நாமே விரட்டினோம். உங்களிடம் சாவியைக் கொடுத்தால் மீதிப் பேரும் போய்விடுவார்கள்.

இன்னொன்று. கேள்வி பொய்யில்லை. உங்கள் பால்கனியிலிருந்து ஒடித்து வந்தேனே, அந்தச் செம்பருத்திதான். உண்மையாகவே வாடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுண்டு

ஜூன் 23

சுண்டு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் மண்சட்டியைத் திறக்கவே இல்லை. கூடப்பிறக்காத தங்கை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ என்னையே வேவு பார்த்திருக்கிறாய். கேட்டிருந்தால் நேரே சொல்லியிருக்க மாட்டேனா? மாட்டேன்தான். உன் அண்ணனும் அதையேதான் சொன்னார்: "நீ எங்க கேக்க விட்ட?"

பிறகு போய் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். கடைக்கு வருகிற யாராவது "எழுத்து எங்க தெரியுது, எனக்குத் தெரியலையே" என்றால், கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன். பார்க்கத் தெரியாதவர்களுக்கு இங்கே வேலையில்லை என்றா சொல்கிறேன்? வெட்கமாக இருந்தது.

மன்றத்தை மூடுவதென்றால் மூடு, இனி நான் தடுக்கவில்லை. ஆனால் ஒருத்தியின் கேள்வியைப் பூட்டி வைத்துவிட்டு மூட எனக்கு மனம் வரவில்லை. பூட்டைத் திறந்து பதில் எழுதிவிட்டேன். இலையைப் பார்க்காமலே எழுதியது இதுதான் முதல் தடவை. அதன் தாய்ச்செடி என்னிடம் இருக்கிறது, வளர்க்கிறவளையும் எனக்குத் தெரியும். நீ பயந்து பயந்து தண்ணீர் ஊற்றுவாய். வேர் அழுகியிருக்கும். மண்ணை மாற்று.

அண்ணி

ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

மண்ணை மாற்றினேன். வேர் வெள்ளைவெளேரென்று நன்றாக இருந்தது.

அப்புறம்தான் இலையைத் திருப்பினேன். இத்தனை நாள் நானும் திருப்பவில்லை, அண்ணி. மேல்பக்கத்தை மட்டும் படமெடுத்துப் பழகிவிட்டது. அடியில் மெல்லிய வலை, தூசி ஊர்கிற மாதிரி சின்னச் சின்னதாக என்னவோ. இலைச் சாற்றை உறிஞ்சுகிற செம்பேன். நீங்கள் சொன்னது தப்பு. அண்ணனிடம் சொன்னேன், "யானைக்கும் அடி சறுக்கும், ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றார்.

அடிப்பக்கப் படத்தை மண்சட்டியில், புதுத்தொட்டியின் கேள்விக்குக் கீழே போட்டிருக்கிறேன். அதற்குள் ஓட்டுநர் வந்து, "இந்தப் படத்தைத்தானேம்மா அவங்க முதல்லயே கேட்டாங்க" என்று எழுதிவிட்டார். எலுமிச்சை இன்னும் காய்க்கவில்லையாம்.

மூடவில்லை. சர்வரை அடுத்த வருடத்துக்கும் நீட்டித்துவிட்டேன். சாவி இந்தக் கடிதத்தோடு வருகிறது. என்னிடமும் ஒன்று இருக்கும், பயப்படாதீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: அடிப்பக்கம் எது என்று யாராவது கேட்டால், உங்கள் செடியில் ஓர் இலையைத் திருப்பிப் படமெடுத்து நீங்களே காட்ட வேண்டும்.

செம்பேனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மண்சட்டியில் கேட்டிருக்கிறேன். எனக்கு எழுத வேண்டாம், அங்கே வந்து எழுதுங்கள்.

புதுத்தொட்டி