ஒரு சாண் கூடுதல்

ஜனவரி 12

அன்புள்ள குள்ளிக்கு,

நெட்டை எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், அதைத் தாண்டிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. போனில் நான் மட்டும்தான் பேசுகிறேன், கடிதம் என்றால் உனக்கும் ஒரு முறை வரும் என்று சொல்லிவிட்டுப் போனாய். சரி, உன் முறை வருகிறவரை என் முறை. குறுக்கே பேசி நிறுத்த ஆளில்லாமல் எழுதுவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடிநீர் அலுவலகத்தை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரயில் போகிறது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு வண்டியும் கிடையாது. வெயிலில் நடந்து போய் வரைபலகை முன்னால் உட்கார்ந்தால், தாளில் வியர்வை சொட்டுச் சொட்டாக விழுகிறது. "என்ன சார், மெயின் குழாயே உடைஞ்ச மாதிரி இருக்கு?" என்று மேலதிகாரி கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ரயிலில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள். இரண்டாகக் கழற்றி மடக்கிவைக்கிற சின்னச் சக்கர சைக்கிள் என்றால் மட்டும் அனுமதி. அப்படி ஒன்று நம் மாடிப்படிக்குக் கீழே தூசி தின்றுகொண்டிருக்கிறது. உன்னுடையது. என்னைவிட வயதில் மூத்தது, பார்த்தால் மரியாதை தோன்றுகிறது. எடுத்துக்கொள்ளட்டுமா?

பக்கத்து வீட்டு டீச்சர் உன்னைக் கேட்டார். "வேலை விஷயமா போயிருக்கா, வந்துடுவா" என்று சொல்லிவைத்தேன். சரிதானே?

உன்,
நெட்டை

---

ஜனவரி 19

நெட்டைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்வது எனக்குப் புதிது. அந்தச் சந்தோஷத்துக்காகவே தரலாம்.

எடுத்துக்கொள்ளுங்கள். முன் டயர் வெடித்திருக்கும். செயினுக்கு எண்ணெய் விடுங்கள், சமையல் எண்ணெய் அல்ல. போன முறை கதவுக் கீலுக்கு விட்டது நினைவிருக்கும். எறும்பு வந்ததும் நினைவிருக்கும்.

அந்தச் சைக்கிளில்தான் நான் முப்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார முடிந்த ஒரே சைக்கிள் அது. பழைய சைக்கிள் கடைக்காரர் "குழந்தைக்கா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லித்தான் வாங்கிவந்தேன்.

உங்கள் காலுக்கு அது பத்தாது. மாற்றத்தான் போகிறீர்கள், தெரியும். கழற்றி மாட்டக்கூடிய எதையும் மாற்றுங்கள். அறுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இங்கே லேபில் எனக்குக் கீழே நான்கு பேர். ரத்தம் எடுக்கும்போது நோயாளிகளைவிட அவர்களில் புதிதாகச் சேர்ந்த பெண்தான் கண்ணை மூடிக்கொள்கிறாள். சமாளிக்கிறேன்.

டீச்சரிடம் என்ன சொன்னால் என்ன. வந்துவிடுவேன் என்று நான் எப்போது சொன்னேன்?

இப்படிக்கு,
குள்ளி

---

பிப்ரவரி 3

அன்புள்ள குள்ளிக்கு,

சிரிக்கத் தயாராக உட்கார்ந்துகொள்.

முதல் நாள் சீட்டை அதன் கடைசி உயரத்துக்கு ஏற்றி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர், நம் 'கறுப்புக் கண்ணாடி', டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார். டீ குடிக்கும்போதுகூடக் கழற்றாத அந்தக் கண்ணாடியை அன்றுதான் நெற்றிக்கு ஏற்றினார். "சார், இது சைக்கிளா, நீங்க மாட்டிக்கிட்டு வந்த செருப்பா?" என்றார்.

அவர் இரண்டு மடங்கு நீளத்தில் ஒரு சீட் பைப் செய்து கொடுத்தார். கால் நீண்டது, பெடல் கிடைத்தது. ஆனால் ஹேண்டில் பார் எங்கோ பாதாளத்தில் கிடந்தது. அதற்கு ஒரு உயரக் கம்பி. இப்போது சைக்கிளைப் பார்த்தால், சின்னப் பெட்டி மேல் இரண்டு கொடிக்கம்பம் நட்டமாதிரி இருக்கிறது. எல்லாம் கழற்றி மாட்டக்கூடியதுதான். உன் உத்தரவை மீறவில்லை.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்க இதை ஓட்டறீங்களா, இது உங்களைச் சுமக்குதா?" பெட்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது, அதனால் வெளியே கிடைப்பதை விடுவதில்லை.

திரும்பும்போது ஹேண்டில் பார் முழங்காலில் இடிக்கிறது. வலது முட்டி நீலமாகிவிட்டது. நீ இருந்தால் தைலம் தடவியிருப்பாய். சும்மா சொன்னேன்.

உன்,
நீலமுட்டி நெட்டை

---

பிப்ரவரி 10

நெட்டைக்கு,

வேலை நேரத்தில் பிரித்துப் படித்தது என் தப்பு. 'செருப்பா' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். புதுப் பெண் பயந்து ஊசியை நழுவவிட்டாள். பிறகு எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. தைலம் பற்றிய வரியை விட்டுவிட்டுத்தான் படித்தேன்.

என் அறையைப் பற்றிக் கேட்கவே இல்லை நீங்கள். நானே சொல்கிறேன். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. போன வாரம் அலமாரி அடிக்க ஆசாரி வந்தார். "எந்த ஒசரத்துல வேணும்மா?" என்றார். அவர் சுத்தியலோடு காத்துக்கொண்டு நிற்கிறார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு கையைத் தூக்கிக் காட்டினேன். "இவ்ளோதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன்.

நம் வீட்டில் நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் நீங்களே எல்லா அலமாரியும் அடித்து முடித்திருந்தீர்கள். கண்ணாடியில் என் நெற்றி மட்டும் தெரியும். உப்பு எடுக்க முக்காலி. துணி காயப்போட முக்காலி. நீங்கள் ஆசையாகச் செய்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு இந்தப் பதவி உயர்வு வந்தபோதும், "வேணாம்னு எழுதிடு" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள். அதையும் ஆசையாகத்தான் சொல்லியிருப்பீர்கள்.

சண்டைக்கு எழுதவில்லை. சிரித்த கையோடு எழுதுகிறேன்.

முட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள். தைலம் ஹால் அலமாரியில், மேல் தட்டில். உங்களுக்கு எட்டும்.

குள்ளி

---

மார்ச் 2

அன்புள்ள குள்ளிக்கு,

விழுந்துவிட்டேன். பயப்படாதே, கையில் சிராய்ப்பு, தாடையில் இரண்டு தையல்.

அலுவலகத்துக்கு முன்னால் ஒரு மேடு வருகிறது. சீட் பைப் நீளமாகிப் பின்னால் சாய்ந்திருப்பதால் என் எடை முழுவதும் பின் சக்கரத்தின் மேல். மேட்டில் அழுத்தி மிதித்தேன், முன் சக்கரம் குதிரை மாதிரி எழும்பிவிட்டது. ஒரு லாரி நின்று, டிரைவர் இறங்கிவந்து தூக்கிவிட்டார். "பெரியவரே, வூட்ல சொல்லி ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக்கங்க" என்றார். பெரியவராம்.

வரைபலகையில் உட்கார்ந்து படம் போட்டுப் பார்த்தேன். கோளாறு உயரத்தில் இல்லை, நீளத்தில். சட்டத்தின் முன்பாதியை அறுத்து ஒரு சாண் பைப் சேர்த்தால் முன் சக்கரம் தள்ளிப்போகும், எடை நடுவில் விழும், முட்டியும் இடிக்காது. நடுவில் கழற்றுகிற பூட்டு அப்படியே இருக்கும். கறுப்புக் கண்ணாடி படத்தைப் பார்த்துவிட்டு "பாலம் கட்டலாம் சார் இதை வெச்சு" என்றார்.

நீ அறுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அதனால்தான் கேட்கிறேன். படத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பார். உன் பதில் வரும்வரை கை வைக்கமாட்டேன்.

உன்,
தையல் போட்ட நெட்டை

---

மார்ச் 6

அன்புள்ள குள்ளிக்கு,

நல்ல சேதி. முடிந்துவிட்டது!

கறுப்புக் கண்ணாடி தன் மகள் வீட்டுக்குப் போகிறார், திரும்ப ஒரு மாதம் ஆகுமாம். "இன்னிக்குன்னா இன்னிக்கு, இல்லேன்னா அடுத்த மாசம்" என்றார். இன்னும் ஒரு மாதம் அந்த மேட்டில் விழுந்து எழுந்திருக்க என்னால் முடியாது. அதோடு, நீ மாட்டேன் என்றா சொல்லப்போகிறாய்? தையல் போட்ட தாடையைப் பார்த்திருந்தால் நீயே ரம்பத்தை எடுத்துக் கொடுத்திருப்பாய்.

என்ன அருமையாக ஓடுகிறது தெரியுமா! மேட்டில் முன் சக்கரம் தரையை விடவில்லை. கை தளர்ந்து, முதுகு நிமிர்ந்து, காற்று முகத்தில் அடிக்க... இந்த வயதில் மணியடித்துக்கொண்டு போனேன். இத்தனை நாள் இதை மாடிப்படிக்குக் கீழே போட்டுவைத்திருந்தோமே.

சீட்டை இறக்கினால் நீயும் ஓட்டலாம்.

உன்,
நெட்டை

---

மார்ச் 7

நெட்டைக்கு,

தாடை எப்படி இருக்கிறது? தையல் பிரிக்கும்வரை வெந்நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் அழகாக இருக்கிறது. நீங்கள் போடும் படம் எதுதான் அழகில்லை. ஆனால் வேண்டாம். அறுக்காதீர்கள். ஒரு சாண் தள்ளிப்போனால் சீட்டை எவ்வளவு இறக்கினாலும் ஹேண்டில் பார் எனக்கு எட்டாது. அந்த வீட்டில் என் அளவுக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு வந்தது ஏன் என்று இப்போது யோசிக்கிறேன். திரும்ப வர ஒரு சாக்கு வேண்டும் என்றுதானோ என்னவோ.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். நம் ஊரில் என் பழைய லேபில், நாங்கள் 'பெரியம்மா' என்று கூப்பிடும் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு வருகிறாயா என்று பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையாகவே யோசிக்கிறேன். நீங்கள் கேட்டுக் கேட்டு எழுதுகிற இந்தக் கடிதங்களைப் பார்க்கும்போது, இந்த மனிதரோடு இருந்து பார்க்கலாம் போலிருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது.

மாதக் கடைசியில் லீவில் வருகிறேன். காலையில் கொஞ்சம் சைக்கிள் ஓட்டவேண்டும். உங்களுக்கு வேறொரு பழைய சைக்கிள் தேடுவோம், இரண்டு பேரும் சேர்ந்து. அதுவரை மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், கௌரவம் குறையாது.

உங்கள்,
குள்ளி

---

மார்ச் 13

என் குள்ளிக்கு,

என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையது வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா நான்? பேனா பிடிக்கிற இந்தக் கையையே அறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அழுது என்ன பயன், காரியத்தில் இறங்கினேன். கறுப்புக் கண்ணாடி வந்ததும் சேர்த்த பைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிக் கொடுக்கச் சொல்லப்போகிறேன். அடுத்தது, வீட்டில் அத்தனை அலமாரியையும் இறக்கிவிட்டேன். உன் தோள் உயரத்தை மனக்கண்ணில் வைத்துக் குத்துமதிப்பாக. கண்ணாடியையும் இறக்கியாயிற்று. எனக்கு இனிக் கழுத்துதான் தெரியும், பரவாயில்லை.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். சனிக்கிழமை உன் பழைய லேபுக்கு நேரிலேயே போனேன். காரியத்தை ஆறப்போட்டால் வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். நீ தயங்கித் தயங்கியே எத்தனையோ விட்டிருக்கிறாய். பெரிய டாக்டரைப் பார்த்து, "அவ வந்துடறா சார், நீங்க வேற ஆள் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. கை கொடுத்தார். உன் வேலையை அப்படிப் புகழ்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி நீ பெட்டியைக் கட்டவேண்டியதுதான் பாக்கி.

உன்,
நெட்டை

---

மார்ச் 20

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பெரிய டாக்டர் போன் செய்தார். லேபில் எல்லோரும் இருந்தார்கள். "வாழ்த்துக்கள்மா, உன் வீட்டுக்காரர் வந்து சொல்லிட்டாரு" என்றார். என் கையில் ரத்த மாதிரிக் குப்பிகள் அடுக்கிய தட்டு. அதைக் கீழே வைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒன்று சொல்லவேண்டும். சைக்கிளை அறுத்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்ததைப் படித்த அன்று சாப்பிடவில்லை. ஆனால் இரண்டு நாளில் மனம் ஆறிவிட்டது. போகட்டும், இரும்புதானே, மனுஷர் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டிருக்கிறாரே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சம்மதம் என்று டாக்டருக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். மறுநாள் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். அதற்குள் போன் வந்துவிட்டது.

"அவருக்கு ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்கு சார். நான் வரல" என்று சொன்னேன். சொன்னபோது குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். அந்த இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள் என்று இன்று தெரிந்தது. இந்த அறையை இன்னும் மூன்று வருஷத்துக்கு வாடகைக்கு எழுதி வாங்கிவிட்டேன்.

உங்களைக் கெட்டவர் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். டீச்சர் கேட்டால், இந்த முறை உண்மையைச் சொல்லுங்கள்.

சைக்கிளைத் திரும்ப அறுக்க வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு முறை சூடு பட்டால் இரும்பு தாங்காது, மேட்டில் முறியும். இப்போது அது உங்களுக்குச் சரியாக இருக்கிறது. உங்களுடையதாகவே இருக்கட்டும். என் துணிமணிகளை எடுக்க ஒரு நாள் வருவேன், நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

இதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால் பிரித்துப் படிப்பேன். படித்தால் எங்காவது ஒரு வரியில் சிரித்துவிடுவேன். எனக்கு அதுதான் பயம்.

இப்படிக்கு,
லேப் பொறுப்பாளர்