ஆயிரத்து ஒன்பது

கணக்குப் புலி மாமாவுக்கு,

உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதம் வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் 1022117.

மறந்திருக்க மாட்டாய். மணலி யார்டில் நாம் இருவரும் கன்டெய்னர் நம்பர் குறித்த காலம். லாரிகள் நகராத மதியங்களில் அந்த நம்பர்களை வகுத்துப் பார்ப்பதுதான் நமக்கு விளையாட்டு. இந்த எண்ணோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, எதிலும் வகுபடாத பகா எண் என்று தீர்ப்புச் சொன்னாய். அதன் வர்க்கமூலம் ஆயிரத்துப் பத்தைத் தாண்டுகிறது, அதுவரை வகுத்துப் பார்க்கவேண்டும் என்றேன்.

"ஆயிரம் வரிக்கும் பாத்தாச்சு. இன்னும் இன்னாமே கீது அதுல?" என்று பேனாவை மூடினாய்.

நேற்று நான் வகுத்தேன். நீ பார்க்காமல் விட்டது ஒரே ஒரு பகா எண், 1009. மீதியே இல்லாமல் வகுபடுகிறது. ஈவு 1013.

மூன்றாவது கருவும் கலைந்த பிறகு, அதே குரலில்தான் "உனுக்கு நிக்காதுமே" என்றாய். தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பினாய். அன்று எனக்குப் பத்து நாள் தள்ளிப்போயிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். நீ செருப்பை மாட்டிவிட்டாய்.

கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "குழந்தைகள் இல்லை" என்ற வரியை மட்டும் அடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஐந்து மாதக் கைக்குழந்தையின் அம்மா