இதுவரை நடந்ததை வைத்து

பிப்ரவரி 6

இரண்டாம் ஆண்டு தத்துவ வகுப்பில் இன்று தொகுத்தறிதல் தொடங்கினேன். கண்டதை வைத்துக் காணாததைச் சொல்வது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும். எப்படித் தெரியும்? இதுவரை சுற்றியிருக்கிறது. சரி, இதுவரை நடந்ததை வைத்து இனி நடப்பதைச் சொல்லலாம் என்பதற்கு என்ன ஆதாரம்? கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "இதுவரை அப்படிச் சொன்னதெல்லாம் சரியா வந்திருக்கு மேடம்" என்றாள். வகுப்பே சிரித்தது. தன் தோளில் தானே ஏறி நிற்கப் பார்க்கிறாயே என்றேன். ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன கர்வம் வரும்.

வெளியே வந்தபோது கைப்பேசியில் என் கணவரிடமிருந்து வரிசையாக அழைப்புகள். என் தம்பி சின்னவன் ரத்த வாந்தி எடுத்திருக்கிறான். குடிநோய் மறுவாழ்வு விடுதியிலிருந்து நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுபடியும் குடித்தானா என்றுதான் முதலில் கேட்டேன். உயிரோடு இருக்கிறானா என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 8

குடிக்கவில்லை. மழைக்காலத்தில் விடுதியில் சேர்ந்ததிலிருந்து ஒரு சொட்டுகூட இல்லை என்கிறார்கள் அங்கே; ரத்தப் பரிசோதனையிலும் குடித்த தடயம் இல்லை. கல்லீரல்தான் அதற்கு முன்பே போய்விட்டிருக்கிறது.

அறுவை மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "மாத்தணும். இறந்தவங்ககிட்ட இருந்து கிடைக்கற வரைக்கும் இவர் தாங்க மாட்டார். வீட்ல யாராவது பாதி குடுத்தா பார்க்கலாம். குடுத்தவங்களுக்குத் திரும்ப வளர்ந்துடும்."

வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா போய்விட்டார்கள். அவன் மனைவி விவாகரத்து வாங்கி வேறு ஊரில் நிம்மதியாக இருக்கிறாள். நான் ஒருத்திதான்.

உள்ளே போனேன். கண் மஞ்சள், வயிறு உப்பி, கால் வீங்கி... என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவன். "அக்கா, பக்கத்து சீட்லயும் பிரேக் வெச்ச வண்டி ஓட்டினேனே, எனக்கு ஒருத்தனும் வைக்கலையே" என்றான். சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 9

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்திவிட்டார்.

"நீ கிளாஸ்ல என்ன சொல்லித் தர? நடந்ததை வெச்சுத்தானே நடக்கப்போறதைச் சொல்லணும்? வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாடத்தைச் செருப்போட வாசல்லயே கழட்டி வெச்சுடுவியா?"

"அவன் என் தம்பி."

"எனக்கும் அவன் மேல ஆசை இல்லாம இல்ல. உங்க அம்மா தலைமாட்டுல சத்தியம் பண்ணான். காரியம் முடியறதுக்குள்ள குடிச்சான். எத்தனை தடவைடி? உன்னை அறுத்து எடுத்து அவன்கிட்ட குடுத்தா, அதையும் குடிச்சே தீர்ப்பான்."

கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னார். அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 10

கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14

மகள் பள்ளிச் சீருடையோடு வந்து என் எதிரே நின்றாள். "அம்மா, நீ செத்துட்டா?" அவ்வளவுதான் கேட்டாள்.

ஐந்நூறு பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "அந்த ஒருத்தர் நீயா இல்லையான்னு தெரியுமா?" பதிமூன்று வயது. என் மாணவர்கள் யாரும் இத்தனை சரியாக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தெரியாது என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருவனைக் காப்பாற்றும் கடமைக்காக இன்னொருத்தியின் அம்மாவைப் பணயம் வைக்கலாமா? இதைத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். பதில் தாள்களை "வாதம் போதாது" என்று திருப்பியும் கொடுத்திருக்கிறேன். பாவி.

பிப்ரவரி 17

பரிசோதனைகள் முடிந்தன. பொருந்துகிறது.

மருத்துவமனையில் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை அறை இருக்கிறது. படம் கிடையாது, சிலை கிடையாது, வரிசையாக நாற்காலிகள் மட்டும். யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனேன். கடவுள் உண்டு என்பதற்கான வாதங்களையும் அவற்றின் ஓட்டைகளையும் இருபது ஆண்டாகச் சொல்லித் தருகிறேன். அங்கே ஒன்றும் நினைவில்லை. "அவனைக் கொடு, நான் உன்னை நம்பறேன்" என்று காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதுபோல வாய்விட்டுச் சொன்னேன். இல்லாதவரிடம் ஏன் குரலைத் தாழ்த்திப் பேசினேன்?

பிப்ரவரி 20

எல்லாம் போயிற்று.

அறுவைக்கு முன் ஒரு குழு சம்மதிக்க வேண்டும். அறுவை மருத்துவர், மனநல மருத்துவர், இன்னும் இருவர். சக்கர நாற்காலியில் அவன், பக்கத்தில் நான். மனநல மருத்துவர் பெண், என் வயதுதான் இருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்: "இனிமே குடிப்பீங்களா?"

"தெரியலைங்க."

அறுவை மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் அவன் கையை அழுத்தினேன். அவன் பாட்டுக்குப் பேசுகிறான்:

"மாட்டேன்னு சொல்லத் தெரியும். நல்லாவே சொல்லுவேன், அக்காவைக் கேளுங்க. அம்மாகிட்ட சொன்னேன். பொண்டாட்டிகிட்ட சொன்னேன். எல்லாத் தடவையும் மனசாரத்தாங்க சொன்னேன். ஒரு தடவைகூடப் பொய்னு நினைச்சுச் சொல்லல. அதுதாங்க பயமா இருக்கு."

முடிவை இரண்டு நாளில் சொல்வார்களாம். அறுவை மருத்துவரின் முகமே சொல்லிவிட்டது.

பிப்ரவரி 21

கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"ஒரே வார்த்தைடா. மாட்டேன். சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?"

"அந்த வார்த்தையை நான் சொன்னப்ப எல்லாம் அழுதவ நீ. இப்ப நீயே கேக்கறியா?"

"கேக்கறேன். பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. சொல்லு."

"உன் வயித்தைக் கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது உன்கிட்ட உண்மை பேசிக்கறேன் அக்கா. விட்டுடு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "நீ என்னடா மழையா? வருமா வராதான்னு ஆகாசத்தைப் பார்த்துச் சொல்ற மாதிரி உன்னைப் பத்தி நீயே சொல்ற? குடிப்பியான்னு ஜோசியம் கேக்கலடா. குடிக்காம இருக்கணும்னு இருக்கா இல்லையா?"

போர்வை நுனியைப் பிடித்து முறுக்கினான். பிறகு, "இருக்கு" என்றான். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. வாக்குறுதி வேறு, கணிப்பு வேறு. நாளை வருவேன் என்பதும் நாளை மழை வரும் என்பதும் ஒரே வகை வாக்கியம் இல்லை. கடந்த காலம் முழுவதும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஆனால் வாக்கு என்பது அந்தச் சாட்சியை மீறித் தருவதுதானே? அப்படியானால் மீறிக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் உடைத்தானே, அதற்கு என்ன பேர்? — தெரியவில்லை. தெரியவே இல்லை. எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

பிப்ரவரி 22

இன்று பதில் வரவில்லை. அவன் வயிற்றிலிருந்து மறுபடி நீர் எடுத்தார்கள். என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிப்ரவரி 24

சம்மதம்.

மனநல மருத்துவர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "மாட்டேன்னு அடிச்சுச் சொன்னவங்க நிறையப் பேரை இதே நாற்காலியில பார்த்திருக்கேங்க. தெரியலைன்னு சொன்னவங்க ரொம்பக் கம்மி. அவங்க பயப்படறாங்க. பயம் வந்தா போன் பண்றாங்க, ஓடி வர்றாங்க. அதனால நான் விடாம வாதாடினேன்."

சிலரைப் பார்த்து எல்லாரையும் பற்றிச் சொல்வது பலவீனமான அனுமானம் என்று வகுப்பில் சொல்வேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது என் பெட்டியை எடுத்துத் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினார்.

பிப்ரவரி 27

நாளை. மகள் என் பக்கத்தில் படுத்திருக்கிறாள், மூன்று வயதில் படுத்ததுபோல, காலைத் தூக்கி என் மேல் போட்டுக்கொண்டு.

மார்ச் 11

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. இருமினால் உயிர் போய் உயிர் வருகிறது. அவனை நடத்தி என் கட்டிலுக்குக் கூட்டி வந்தார்கள். கண் வெள்ளையாக இருக்கிறது! அந்த வெள்ளையை எத்தனை ஆண்டு கழித்துப் பார்க்கிறேன்!

"உன் கல்லீரல் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு அக்கா. டீச்சர் மாதிரி உள்ள உக்காந்து மிரட்டுது" என்றான். சிரிக்க வைக்காதேடா, தையல் பிரியும் என்றேன். அவர் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். "சாப்பிடு மாப்பிள்ளை." ஆண்டுக்கணக்கில் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மார்ச் 19

காய்ச்சல். ரத்தத்தில் கிருமி. என்னை உள்ளே விட மறுக்கிறார்கள்.

மார்ச் 20

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குழாய்கள். "தாங்கற சுமையைத்தான் கடவுள் தருவார்" என்றார் செவிலி. நல்ல பெண். தாங்காமல் செத்தவர்கள் யாரும் திரும்பி வந்து மறுத்துப் பேச முடியாதே, அதனால் நிற்கிற வாக்கியம் இது. சொல்லவில்லை. தலையாட்டினேன்.

பிரார்த்தனை அறைக்குப் போனேன். அங்கே வேறொரு குடும்பம் அழுதுகொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 23

சின்னவன் போய்விட்டான்.

ஏப்ரல் 9

பார்க்க வருகிறவர்கள் என் தழும்பு இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் வீணாப் போச்சே" என்கிறார்கள். வீணா? அவன் மறுபடி குடித்திருந்தால் வீண் என்றிருப்பார்கள். குடிக்கவில்லை, அதற்கும் வீணா?

குடித்திருப்பானா? என் கணவர் சரியா, அந்த மனநல மருத்துவர் சரியா? இதுவரை, இதுவரை, இதுவரை என்று அடுக்கிக்கொண்டே வந்தது. அடுத்த தடவை என்ற ஒன்று வரவே இல்லை. இனி எந்த ஆதாரமும் வராது. ஐயோ, குடித்துவிட்டாவது வந்து வாசலில் விழுந்து கிடடா. திட்டிக்கொண்டே உள்ளே இழுத்துப் போடுகிறேன்.

ஜூன் 12

வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போனேன். ஸ்கேன் எடுத்த பெண் இந்த வேலைக்குப் புதிது போலிருக்கிறது. திரையைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க மேடம், நல்லா வளர்ந்துடுச்சு. யாருக்குக் குடுத்தீங்க?"

"தம்பிக்கு."

"அவருக்கு எதனால போச்சு?"

"குடி."

"இப்பவாவது விட்டாரா?"

"விட்டுட்டான்" என்றேன். "தொடறதே இல்ல."

"பரவாயில்லையே!" என்று அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். வயிற்றைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தாள். துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் எழுந்து வந்து, "என்ன சொன்னாங்க?" என்றார்.

"முழுசா வளர்ந்துடுச்சாம்" என்றேன். நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.