பூட்டிய வீட்டில் எரிந்த பல்பு

நேற்று மாலை எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் பல்பு எரிந்தது. பெங்களூருக்குப் போய்விட்டவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் விளக்குப் போட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். எனக்குத்தான் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. "என்னாச்சுப்பா?" என்றாள் மகள். "குளிருது" என்றேன். ஓசூர்ப் பக்கம் குளிருது என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

கூட்டாளி, நீ போய்ச் சேர்ந்து இரண்டாவது மழைக்காலம் இது. உன்னைப் பற்றிக் கரண்ட் ஆபீஸ் காகிதத்தில் இருப்பது ஒரே ஒரு வரி. கையுறை அணியாமல் கவனக்குறைவாக வேலை செய்ததால் நேர்ந்த விபத்து என்று. அதை எழுதியவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணில் பட்டதை எழுதினார்கள். ஆனால் அந்த வரி பொய், அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் பாடைக்குத் தோள் கொடுத்தேன், பதினாறாம் நாள் இலை போட்டுச் சாப்பிட்டேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இன்று காலை உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாம். நான் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலைக்குப் போனேன், நீ லைன்மேன் ஆனாய். மழை வரும் என்று சேதி கேட்டால் போதும், அந்த ஓட்டை மொபெட்டில் ஊர் முழுக்கச் சுற்றுவாய். "புயலு என்ன உங்க சம்பந்தியா, சொல்லிட்டு வர்றதுக்கு? டிரம்மெல்லாம் ரொப்பி வைங்க. கரண்ட் போனா போர் தண்ணியும் போச்சு. செல்ல இப்பவே சார்ஜ் போடுங்க, எனக்குப் போன் பண்ணித் திட்டறதுக்காவது ஆவும்!" என்று தெருவே சிரிக்கும்படி கத்துவாய். டார்ச்சில் பேட்டரியைப் போட்டே வைக்காதே, கசிந்துவிடும், தனியாக வை என்பாய். துணி காயப்போடும் கம்பியைக் கரண்டுக் கம்பத்தில் கட்டியிருந்தால் கேட்காமலே அறுத்து எறிவாய். "அறுந்து கெடக்கற ஒயரு செத்த பாம்பு இல்ல, தூங்கற பாம்பு" என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவாய். நாங்கள் சிரித்தோம். கடலையே பார்க்காத ஊருக்குப் புயல் எங்கிருந்து வரும் என்று நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன்.

அது வந்தது. கரையில் அடித்து ஓய்ந்து, மிச்சமிருந்த மழையை எல்லாம் நம் தலையில் கொட்டியது. மாந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இரண்டு நாள் கரண்ட் இல்லை. இருட்டைவிட எனக்குப் பயமாக இருந்தது சத்தமில்லாததுதான். தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எப்போதும் ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்பதால் அது காதில் விழாது. அது நின்றபோதுதான் இத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றே தெரிந்தது. ஷிப்ட் சங்கு இல்லை, கம்பெனி பஸ் இல்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அது உண்மையா புரளியா என்று கேட்கவும் செல்போனில் உயிர் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் பழைய பித்தளை மாதிரி மங்கிக் கிடந்தது.

அந்த இருட்டில் ஒரே ஒரு வெளிச்சம். என் அக்கா வீடு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ராகிக் கொல்லை, அதைத் தாண்டினால் கர்நாடகம். அதே மழை, அதே காற்று, அங்கே மட்டும் கரண்ட் இருந்தது. நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியாததா? பெண் கொடுத்து எடுத்ததுபோலக் கரண்டையும் கொடுத்து எடுப்போம். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கத்திலிருந்து, அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்திலிருந்து. அதற்கென்றே கொல்லை வேலியின் கல்தூண்களில் ஒரு நீள ஒயரைச் சுற்றி வைத்திருப்போம். நீ அதைப் பார்க்கும்போதெல்லாம் கத்துவாய். "எடுக்கறதுன்னா எடுத்துத் தொலைங்க. ஆனா மொதல்ல மெயின எறக்குங்க. இல்லன்னா உங்க கரண்டு வெளிய கம்பத்துக்கு ஏறும். அங்க நான்தான் ஒக்காந்திருப்பேன்!"

மூன்றாம் நாள் காலை வந்தாய். உடம்பெல்லாம் சேறு, கண் இரண்டும் கோவைப்பழம். ஊர்க்கோடியில் மாமரம் சாய்ந்து எங்கள் தெரு லைன் அறுந்திருந்தது. அதைச் சேர்க்க வந்திருந்தாய். இந்தத் தெருவில் ஆள் இருக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். லைனும் எங்கள் வீட்டோடு முடிந்துவிடும். வண்டியை நிறுத்தாமலே கேட்டாய்.

"மெயின எறக்கிட்டியாடா?"

நான் கட்டிலில் படுத்திருந்தேன். எழுந்து நான்கு எட்டு வைக்கச் சோம்பல்.

"ஆச்சுடா, போ" என்றேன்.

ஆகவில்லை. அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தே போனேன். நான் யார்? கம்பெனியில் மெயின்டனன்ஸ். மெஷினில் கை வைக்கும் முன் சுவிட்சை இறக்கி, அதில் என் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எவன் வாயால் 'ஆச்சு' என்றாலும் நம்பக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். மாசாமாசம் புது ஆட்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். நீ என்னை நம்பினாய். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் எல்லாம் முறைப்படி துண்டித்து, கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடும் போட்டாய். என் பக்கம் எதுவும் போடவில்லை. அங்கே நான் இருந்தேன் அல்லவா?

மூன்றரை மணிக்கு மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஈரம் ஆகாத உடம்பு. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. மருந்தை ஆவியாக்கும் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கொல்லையில் ஓடி ஒயரைப் பிரித்து இழுத்து வந்தேன். அக்கா அவள் வீட்டுப் பிளக்கில் செருகினாள். இந்த முனையில் இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மெஷினை மாட்டினேன். கால் மணி நேரத்தில் குழந்தைக்கு மூச்சு சீரானது. என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நீ இருந்திருப்பாய். அந்த ஒயரால் உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்ததுதான் ஆசை. வந்ததுதான் வந்தது, வீடு முழுக்க வரட்டுமே. ஃபிரிட்ஜ் ஓடட்டும், மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறட்டும். இரண்டு முனையிலும் செருகும் பின் வைத்த ஒரு முழ ஒயர் நம் ஊரில் எல்லாப் பரணிலும் கிடக்கும். ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையைச் சுவர் பிளக்கிலும் செருகினேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. கொல்லைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "கரெண்ட் பந்தா?" என்று மழையில் கன்னடத்தில் கத்திக் கேட்டாள். வந்துவிட்டது என்று நானும் கத்தினேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். "அப்பா, பக்கத்து வூட்டுக்காரங்க வந்துட்டாங்களா?" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. ஆறு மாதமாக ஆள் இல்லாத வீடு. அதன் வாசலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பளிச்சென்று இல்லை. மங்கலாக, ஒரு மாதிரி செம்மையாக, மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கியது. மனைவி சாமி பேரைச் சொன்னாள். அவளுக்குப் பேய்ப் பயம். எனக்குப் பேயில்லை என்று தெரியும், அதனால் அவளைவிட அதிகமாகப் பயந்தேன். பூட்டிய வீட்டுக்குள் கரண்ட் எப்படிப் போகும்? லைன் வழியாகத்தான். லைனில் யார்?

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்து வீட்டுப் பல்பு அணைந்தது.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு வாய் வராதது. மாமரம் இருநூறு தப்படித் தூரம். நான் அங்கே ஓடவில்லை. கொல்லைக்கு ஓடினேன். கல்தூண் கல்தூணாக ஒயரைச் சுருட்டினேன். சேற்றில் விழுந்து எழுந்து சுருட்டினேன். அக்கா வீட்டு மாட்டுக்கொட்டாயில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் போட்டேன். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. நின்ற நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று கம்பெனியில் வருஷாவருஷம் ரப்பர் பொம்மையை வைத்துப் பழக்குகிறார்கள். முதல் சில நிமிடம்தான் முக்கியம் என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறார்கள். அந்த நிமிடங்களில்தான் நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். உன்னோடு வந்தவர் கயிறு எடுக்கப் போயிருந்தார். கம்பியை முறுக்க வாகில்லை என்று நீ வலக்கைக் கையுறையைக் கழற்றி வைத்திருந்தாய். நான் அங்கே வந்து சேர்ந்தபோது உன் மனைவி உன் தலையை மடியில் வைத்திருந்தாள். சாப்பாட்டுத் தூக்கு கவிழ்ந்து, மழையில் சோறு கரைந்து ஓடியது.

அதற்கப்புறம் நான் நல்லவனாகிவிட்டேன், கேட்டால் சிரிப்பாய். இரண்டு கரண்டும் ஒன்றோடொன்று சேராதபடி மாற்றிப் போடும் சுவிட்ச் ஒன்றை என் வீட்டிலும் அக்கா வீட்டிலும் வைத்தேன். ஊரில் இன்னும் நான்கு வீட்டுக்கு என் கையாலேயே மாட்டிக்கொடுத்தேன். மகளுக்குப் பேட்டரியில் ஓடும் மெஷின் வாங்கினேன். மழை சேதி வந்தால் உன்னைப்போல ஊர் சுற்றுகிறேன். உன் கேலி மட்டும் எனக்கு வராது. வீட்டுக்காரர் 'எறக்கியாச்சுப்பா' என்றாலும் உள்ளே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறேன். "இவனுக்குக் கிறுக்குப் புடிச்சிடுச்சு, கூட்டாளி செத்ததுல இருந்து இப்படித்தான்" என்கிறார்கள். பாவம் என்று டீ கொடுக்கிறார்கள். அந்த டீயைத்தான் என்னால் விழுங்க முடிவதில்லை.

இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "ஒக்காருங்கண்ணா" என்றாள். நின்றுகொண்டே சொன்னேன். 'ஆச்சுடா, போ' என்றதிலிருந்து தவிட்டு மூட்டை வரைக்கும், ஒன்றையும் விடவில்லை. அவள் கை நிற்கவேயில்லை. நான் முடித்ததும்தான் நிமிர்ந்தாள்.

"தெரியும்" என்றாள்.

கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு சாப்பாடு எடுத்துக்கிட்டு உங்க கொல்ல வரப்பு மேலதான் வந்தேன். நீங்க மழையில ஒயரு சுத்திக்கிட்டு இருந்தீங்க. 'அண்ணா, அவரு எங்க?'ன்னு கேட்டேன். நீங்க திரும்பல. மழ சத்தத்துல கேக்கலன்னு நெனச்சி நானும் போயிட்டேன். மரத்துகிட்ட போனப்பறந்தான் நீங்க என்னா பண்ணிட்டிருந்தீங்கன்னு புரிஞ்சிது."

"ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா, புருஷன் போன வயித்தெரிச்சல்ல பேசறான்னுவாங்க. நீங்க சொன்னாத்தான் அது நெஜம். தெனமும் கம்பெனி பஸ்ஸுக்கு இந்த வாசல் வழியாத்தான போறீங்க? இன்னிக்கி நிப்பாரு, நாளைக்கி நிப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை. உன் மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் சேர்ந்திருக்கிறானாம். 'உங்கப்பா கையுறை போடாம செத்தவரு' என்று கூடப் படிக்கும் ஒருவன் சொன்னானாம். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லையாம்.

"எங்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. அவரு கவனமாத்தான் இருந்தாருன்னு எழுதுங்க."

தருகிறேன் என்றேன். திரும்பி நடந்தேன். படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"அண்ணா. அந்நேரம் நீங்க ஓடி வந்திருந்தா, அவரு பொழச்சிருப்பாரா?"

"தெரியலம்மா" என்றேன். "பொழச்சிருக்கலாம்."

"அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். மூன்று தாள் வந்தது. கேஸ் வரலாம், வேலை போகலாம் என்று மனைவி மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். அக்காவுக்கும் சொல்லிவிட்டேன். நாளை பத்து மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன் பெயரில் இருக்கும் அந்த வரியை அடித்துவிடுவார்கள், உன் மகன் தலை நிமிர்ந்து படிப்பான். ஆனால் அவள் படியில் வைத்துக் கேட்டாளே, அதற்கு இந்த மூன்று தாளிலும் பதில் இல்லை. கொடுத்துவிட்டு வந்த பிறகும் அது என்னோடுதான் இருக்கும்.