அவர் கப்பலேறுவதற்கு முந்திய நான்கு நாள்

23-4-54, வெள்ளி

காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியாத சூடு. வடகம் பிழிந்தாயிற்று. அவர் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார். நாகப்பட்டினத்தில் கப்பல், பிறகு பினாங்கு, மறுபடி மூன்று வருஷம். கல்யாணமாகி நான்கு வருஷம்; சேர்ந்து இருந்தது ஐந்து மாதம்.

என்னையும் அழைத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் கேட்க வேண்டும். அங்கே போய் எனக்குப் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டால் கிடைக்குமாம். கேட்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் தனியாகக் கிடைத்தால்தானே!

பயணம் சொல்லிக்கொள்ள அவர் வீடு வீடாகப் போகிறார். அவர் போகாத வீட்டுக்காரர்கள் இங்கே வருகிறார்கள். நாத்தனார் வள்ளியம்மை மூன்று பிள்ளைகளோடு வந்து இறங்கிவிட்டாள். என் அறை அவளுக்கு. ஆண்களுக்கு மொட்டை மாடி, பெண்களுக்குக் கூடம். அவரை நான் பார்ப்பது இலைக்கு முன்னால் மட்டும்.

"ரசம் ஊத்தவா?"

"ம்."

இன்றைய பேச்சு இவ்வளவே.

24-4, சனி

திருக்கோகர்ணம் கோயில். வாடகைப் பிளசர் காரில் டிரைவரோடு ஒன்பது பேர். முன்னால் அவரும் மாமனாரும். நான் பின்னால், மடியில் வள்ளியம்மையின் சின்னவன். திருமயத்திலிருந்து கோயில் வரை அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முடி ஒரு பக்கம் ஏற்றமாக வெட்டியிருக்கிறது.

பிரகாரத்தில் அவருக்காக மெல்ல நடந்தேன். மாமியார் திரும்பிப் பார்த்து, "என்னத்தா ஆடி அசைஞ்சு வர்றே? வெரசா வா" என்றார்.

நவக்கிரகம் சுற்றும்போது எப்படியோ அவர் பக்கத்தில் போய்விட்டேன். "ஒங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"சுத்தையில பேசாத. எண்ணிக்கை தப்பிரும்."

மத்தியானம் அவர் சித்தப்பா வீட்டில் சாப்பாடு. மாங்காய்ப் பச்சடி, வாழைப்பூ வடை, பால் பாயசம். உண்ட மயக்கத்தில் எல்லோரும் கூடத்தில் நீட்டி நிமிர்ந்து தூக்கம். என்ன நிம்மதி இவர்களுக்கு! எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். "ஒனக்குக் கால்ல சக்கரமா?" என்று வள்ளியம்மை கேலி செய்தாள்.

25-4, ஞாயிறு

சித்தன்னவாசல். கட்டுச்சோறு: புளியோதரை, தயிர்ச்சோறு, மோர் மிளகாய். இலை எடுத்துவர மறந்து போனது. என் தப்பாம்.

பாறை கொதிக்கிறது. குகைக்குள் மட்டும் குளுமை. கூரையில் தாமரைக் குளம் எழுதியிருக்கிறது. எல்லோரும் அண்ணாந்து நின்றபோது அவர் மட்டும் குனிந்து உள் அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே நுழைந்தேன். இருட்டு. கல்லில் செதுக்கிய மூன்று சாமியார்கள் உட்கார்ந்திருக்க, நாங்கள் இரண்டு பேர். இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.

"இன்னும் மூணு வருசம் என்னால முடியாதுங்க. என்னையும் கூட்டிக்கிருங்க. ஒங்க ஆத்தா ஒத்துக்கிட்டாலும் சரி, ஒத்துக்காட்டாலும் சரி, போன ஒடனே பெர்மிட்டுக்கு எழுதிப் போடுங்க."

மெல்லத்தான் சொன்னேன். ஆனால் அந்த அறையே என் குரலை எடுத்துக்கொண்டது. பானைக்குள் வாயை வைத்துப் பேசியதுபோல் முழங்கி வெளியே போயிற்று. அங்கே மூச்சு விட்டாலும் முழங்கும் என்பதைக் குகைக் காவல்காரர் எல்லோருக்கும் முன்பே காட்டியிருக்கிறார். நான் அப்போது வெளியில் சின்னவன் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தேன். வள்ளியம்மை கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காவல்காரர் மட்டும் பெருமையாக, "அம்மா சொன்னது அட்சரம் பிசகாமக் கேட்டுச்சுங்க!" என்றார்.

மாமியார், "வெயில் ஏறுது. எறங்குங்க" என்றார். அவ்வளவுதான்.

காரில் ஒருவரும் பேசவில்லை. அவரும்தான். கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனாலும் சொல்லியாயிற்று.

26-4, திங்கள்

பெட்டி அடுக்கும் நாள். வேட்டி 8, சட்டை 6, துண்டு 4, விபூதிப் பை. ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்ட வேண்டும்.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது மாமியார் அடுப்படிக்கு வந்தார். "காதுல விழுந்திருச்சு. விழாத மாதிரி இருக்க எனக்குத் தெரியாது. நீயும் போ. ஒங்க மாமாவும் சரின்னுட்டாக."

காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். மாமியாரைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதையெல்லாம் அடித்துவிட வேண்டும். நிறைய இருக்கிறது.

பிறகு வள்ளியம்மையையும் பிள்ளைகளையும் மாமனாரையும் கிளப்பிக்கொண்டு மாமியார் தோப்புக்குப் போய்விட்டார். வேண்டுமென்றேதான். வீட்டில் அவரும் நானும் திறந்த பெட்டியும். காத்திருந்தேன். அவர் சட்டைகளை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"பாப்போம்" என்றார்.

"எதைப் பாக்கப்போறீக?"

"அங்கிட்டு நாலு பேரு ஒரே வீட்டுல இருக்கோம். தனி எடம் பாக்கணும். அந்த ஊரு ஒனக்கு ஒத்துக்கணும். பாப்போம்."

சட்டைகளை மூன்றாவது தடவை எண்ணினார். மாமியார் தடுப்பார், மாமனார் தடுப்பார் என்று நான் பயந்ததெல்லாம் வீண். யார் தடை என்று இப்போதுதான் தெரிந்தது. அழுகை வரவில்லை. கோபம், அசல் கோபம்.

தோப்பிலிருந்து வந்ததும் மாமியார் கேட்டார்: "என்ன சொன்னான்?"

"பாப்போம்னாக."

நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்க டிரைவர் வந்திருந்தார். மாமியார் மகன் பக்கம் திரும்பவேயில்லை. டிரைவரிடம்தான் சொன்னார்.

"நாளைக்கு வண்டி வேணாம்ப்பா. இவன் இங்கனயே இருந்து பாக்க வேண்டியதப் பாத்து முடிக்கட்டும். முடிச்சுட்டு அடுத்த கப்பலுக்குப் போகட்டும்."

மாமனார் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். டிரைவர் இன்னும் முற்றத்தில் நிற்கிறார், போகவா இருக்கவா என்று தெரியாமல். திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் என்னைப் பார்க்கிறார், நான் ஏதாவது சொல்லி மாமியாரைச் சமாதானப்படுத்துவேன் என்று. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.